பற்றீரியாவைக் கொண்டு டிஎன்ஏ நகலெடுத்தல்: தட்டு ஊற்றுவது முதல் வரிசை வாசிப்பது வரை

இந்த வேலையில் பற்றீரியாவுக்கு இரண்டு பொறுப்புகள். பெருக்குவது ஒன்று, பிரிப்பது மற்றது. பெருக்குவதைப் பிசிஆர் இயந்திரமும் செய்யும். மரபணுவைப் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தோடு ஒட்டும் ஒட்டுக் கலவைக்குள் கிடக்கும் காலிப் பிளாஸ்மிட், சரியான பிளாஸ்மிட், தவறாக ஒட்டியது ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஒரேயொரு மூலக்கூற்றைத் தனியே எடுத்து, அதன் வழித்தோன்றல்களை ஒரு புள்ளியாகக் கண்முன் வைப்பது பற்றீரியா மட்டுமே. பெரும்பாலும் ஒரு கலத்துக்குள் ஒரு பிளாஸ்மிட்தான் நுழைகிறது. அந்தக் கலம் ஒரு கொலனியாகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இதைக் காப்பாற்றத்தான்.

உதாரணமாக ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்று நீரிலிருந்து பிரித்து வளர்த்த ஒரு பற்றீரியாவின் 1000 மூலச்சோடி நீள மரபணுவை, பியூசி19 என்ற பிளாஸ்மிட்டில் வைத்து, ஈ. கோலை டிஎச்5ஆல்பா இனத்தில் வளர்க்கப் போகிறோம். அந்த ஊற்றுக் கிணறுகளில் மாதிரி எடுப்பதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும், மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள உங்கள் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் முதலில் கைக்கு வரட்டும். அதுவரை எதையும் தொட வேண்டாம்.

1. தாளில் முடிக்க வேண்டியவை

தோல்வியில் பெரும்பங்கு பிப்பெற்றைத் தொடுவதற்கு முன்பே நிச்சயமாகிவிடுகிறது.

வெட்டு நொதியங்களாக ஈகோஆர்வன், ஹின்ட்திரீ இரண்டையும் எடுப்போம். முதலாவது ஜீ-ஏ-ஏ-ரீ-ரீ-சீ என்ற இடத்தையும், மற்றது ஏ-ஏ-ஜீ-சீ-ரீ-ரீ என்ற இடத்தையும் வெட்டும். இரண்டும் வெவ்வேறு ஒட்டுமுனைகளை விடுவதால் பிளாஸ்மிட் தன் முனைகளையே மீண்டும் மூடிக்கொள்வது கடினம். மரபணுவும் ஒரே திசையில்தான் உட்காரும். ஒரே நொதியத்தால் வெட்டினால் இந்த இரண்டு நன்மைகளும் போய்விடும். பிளாஸ்மிட்டின் பொசுபேற்றை நீக்கும் மேலதிக படி ஒன்றும் வந்து சேரும்.

அடுத்து, உங்கள் மரபணுவுக்குள் இந்த வெட்டிடங்கள் இல்லை என்பதை அதன் வரிசையில் தேடி உறுதிப்படுத்துங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். இனம் அறிவதற்காக 16எஸ் மரபணுவை எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல பற்றீரியாக்களின் 16எஸ் மரபணுவுக்கு நடுவில் ஈகோஆர்வன் வெட்டிடம் உண்டு. தெரியாமல் வெட்டினால் பாதி மரபணுவைத்தான் நகலெடுப்பீர்கள். அந்த மரபணுவுக்கு, வெட்டாமலே பிசிஆர் விளைபொருளை ஒட்டும் ரீ-முனைப் பிளாஸ்மிட்டே பொருத்தம்.

பிரைமரின் (பிசிஆரைத் தொடக்கும் சிறு டிஎன்ஏ இழையின்) 5' முனையில் வெட்டிடத்துக்கு முன்னால் இன்னும் ஆறு எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். வெட்டிடம் டிஎன்ஏயின் நுனியிலேயே இருந்தால் நொதியத்துக்குப் பிடித்துக்கொள்ள இடம் போதாது. வெட்டாமலோ அரைகுறையாகவோ விட்டுவிடும். பிசிஆரின் முதல் சுற்றுகளுக்கான ஒட்டு வெப்பநிலையை மரபணுவோடு பொருந்தும் பகுதியை மட்டும் வைத்துக் கணியுங்கள். வெட்டிடமும் கூடுதல் எழுத்துகளும் உள்ள வாலையும் சேர்த்துக் கணித்தால் வெப்பநிலை மிகையாகி, ஜெல்லில் பட்டையே வராமல் போகும்.

2. திருகோணமலையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியவை

வெட்டு நொதியங்களும், டிஎன்ஏ முனைகளை ஒட்டும் நொதியமான லைகேசும் பாதி கிளிசரோலில் வருவதால் -20 பாகையிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். கொழும்பிலிருந்து வரும் ஆறேழு மணி நேரப் பயணத்தை நல்ல குளிர்ப் பொதியில் அவை தாங்கிவிடும். வந்தவுடன், தானாகப் பனி உருக்கும் வகைக் குளிரூட்டியில் வைக்காதீர்கள். அது பனியை உருக்குவதற்காகத் தினமும் சூடேறி இறங்கும். பழைய வகை ஆழ்குளிரூட்டியே நல்லது.

டிஎன்ஏயை உள்ளே ஏற்கும்படி பதப்படுத்திய தகுதிக் கலங்களின் கதை வேறு. அவை -80 பாகையில் இருக்க வேண்டியவை. வழியில் ஒருமுறை உருகினால், மீண்டும் உறைய வைத்தாலும் பழைய தகுதி திரும்பாது. இவ்வளவு தூரத்துக்கு வாங்கி வருவதைவிட இங்கேயே தயாரித்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஐஸ் நிறைய வேண்டும். மீன் வாடிகளுக்குப் போகும் கட்டி ஐஸ் போதும். ஆனால் நன்றாக இடித்து, சிறிது தண்ணீர் விட்டுக் கூழாக்குங்கள். பெரிய துண்டுகளுக்கு நடுவே குழாயைச் செருகினால் அதைச் சுற்றிக் காற்றுத்தான் இருக்கும், குளிர் ஏறாது. மீனுக்குப் போடுவதுபோல் உப்புச் சேர்க்கவே கூடாது. உப்பு கலந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, கலங்களை மெல்ல உறைய வைத்துக் கொன்றுவிடும்.

தண்ணீர் விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நொதியக் கலவைகளுக்கு நியூக்ளியேஸ் அற்ற நீர், வளர்ப்பூடகத்துக்குக் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீரில் குளோரினும் உப்புகளும் இருக்கின்றன.

3. தட்டுகள்

முதலில் தட்டுகளை ஊற்றுங்கள். அவை உலர நேரம் வேண்டும்.

அரை லீற்றர் எல்பி (பற்றீரியா வளர்ப்பூடகம்) ஏகருக்கு: ட்ரிப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 2.5 கிராம், உப்பு 5 கிராம், ஏகர் 7.5 கிராம். ஓட்டோகிளேவில் 121 பாகையில் 15 நிமிடம். இருபது தட்டுகளுக்குச் சற்று மேல் வரும்.

பிளாஸ்மிட் ஏறாத கலங்களை வளரவிடாமல் தடுக்கும் மருந்து அம்பிசிலின். அதை ஓட்டோகிளேவில் இடக்கூடாது, சூட்டில் அழியும். மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் நீரில் கரைத்து, 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்து, சிறு பங்குகளாக -20 பாகையில் வையுங்கள். ஏகர் 50 முதல் 55 பாகைக்கு ஆறியதும் அரை லீற்றருக்கு 0.5 மில்லிலீற்றர் விட்டு, குமிழி எழாமல் சுழற்றிக் கலந்து ஊற்றுங்கள். போத்தலை வெறுங்கையால் பத்து விநாடி பிடித்திருக்க முடியாவிட்டால் அது இன்னும் சூடு. அந்தச் சூட்டில் விட்ட அம்பிசிலின் பாதி செத்துவிடும். மறுநாள் தட்டு முழுவதும் பற்றீரியா படர்ந்திருக்க, அதை வெற்றி என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இங்கே காற்றின் ஈரம் தட்டுகளை விடாது. மூடியில் வியர்த்த துளி ஏகர் மேல் விழுந்தால் கொலனிகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். பிரிப்பது என்ற பொறுப்பு அங்கேயே முறிந்துவிடும். ஊற்றிய தட்டுகளைத் தலைகீழாக ஓர் இரவு மேசையில் விட்டு, பிறகு பொலித்தீன் பையில் சுற்றி 4 பாகையில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

காலிப் பிளாஸ்மிட் உள்ள கொலனியை நீலமாகவும் மரபணு புகுந்ததை வெள்ளையாகவும் காட்டும் நீல-வெள்ளைத் தேர்வுக்கு, பயன்படுத்தும் அன்று ஒவ்வொரு தட்டிலும் எக்ஸ்-கால் (மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம்) 40 மைக்ரோலீற்றரும், 100 மில்லிமோலர் ஐபிடிஜி 40 மைக்ரோலீற்றரும் பரப்பி, அரை மணி நேரம் உறிஞ்ச விடுங்கள்.

4. தகுதிக் கலங்கள்

டிஎச்5ஆல்பாவைத் தேர்ந்தது காரணத்தோடுதான். பிளாஸ்மிட்டைச் சிதைக்கும் நொதியமும், டிஎன்ஏயைக் கலைத்து மாற்றிக் கோக்கும் நொதியமும் அதில் செயலிழந்தவை. நீல-வெள்ளைத் தேர்வுக்கு வேண்டிய குறைபாடும் அதில் உண்டு. புரதம் தயாரிக்கும் பிஎல்21 போன்ற இனங்களில் நகலெடுப்பைத் தொடங்க வேண்டாம்.

முதல் நாள் மாலை ஒரு கொலனியை அம்பிசிலின் இல்லாத எல்பியில் இரவு முழுவதும் வளருங்கள். மறுநாள் அதில் 1 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் புதிய எல்பியில் விட்டு, 37 பாகையில் குலுக்கி, 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி 0.35 வரும்வரை காத்திருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் அடிக்கடி பாருங்கள். 0.5ஐத் தாண்டினால் கலங்கள் மூப்படையத் தொடங்கிவிடும், தகுதி விழும். தாண்டியதை நீரூற்றிக் குறைத்துக் கணக்கை நேராக்க முடியாது.

உடனே ஐஸில் 15 நிமிடம். இனி எல்லாமே ஐஸ் குளிரில்: குழாய், கரைசல், சுழற்றி எல்லாம். 3000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை முற்றாக வடியுங்கள். 30 மில்லிலீற்றர் குளிர்ந்த 100 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டில் குழாயை ஐஸிலேயே வைத்து மெல்ல ஆட்டிக் கரையுங்கள். வோர்ட்டெக்ஸ் வேண்டாம், இந்த நிலையில் கலங்கள் மிக மென்மையானவை. 30 நிமிடம் ஐஸில் வைத்து மீண்டும் சுழற்றி, 15 சதவீதம் கிளிசரோல் கலந்த அதே கல்சியம் கரைசலில் 4 மில்லிலீற்றராக்கி, 100 மைக்ரோலீற்றர் வீதம் பங்கிட்டு -80 பாகையில் வையுங்கள்.

-80 இல்லையா? மின்வெட்டை நம்ப முடியவில்லையா? கிளிசரோல் இல்லாமல் அதே கல்சியம் கரைசலில் ஐஸில் வைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்துங்கள். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தகுதி ஏறவே செய்யும். அதற்குப் பின் இறங்கும்.

கண்ணாடிப் பாத்திரங்களில் சவர்க்காரம் சிறிதும் மிஞ்சக்கூடாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கலங்கள் எடுக்கவில்லை என்றால் முதலில் குடுவையைச் சந்தேகியுங்கள்.

உங்கள் மரபணுவைத் தொடுவதற்கு முன் கலங்களைச் சோதிக்க வேண்டும். வெட்டாத பியூசி19 இல் 100 பிக்கோகிராமை 7ஆம் பகுதியின் முறையில் கலங்களுக்குள் ஏற்றி, 1 மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்கைப் பரப்புங்கள். தட்டில் விழுந்தது 10 பிக்கோகிராம். 100 கொலனி வந்தால் தகுதி மைக்ரோகிராமுக்கு 10 மில்லியன். ஒரு மில்லியனுக்குக் கீழே இருந்தால் புதிய கலங்கள் தயாரியுங்கள். ஒட்டுக் கலவையை வீணாக்க வேண்டாம்.

5. வெட்டுதல்

50 மைக்ரோலீற்றருக்கு: பியூசி19 2 மைக்ரோகிராம், பத்து மடங்குத் தாங்கற் கரைசல் 5 மைக்ரோலீற்றர், நொதியங்கள் ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலீற்றர், மீதி நீர். நொதியம் கடைசியில். கிளிசரோல் பாரமானது, அடியில் தங்கும். விரலால் தட்டிக் கலந்து ஒரு கணம் சுழற்றுங்கள். 37 பாகையில் ஒன்றரை மணி நேரம்.

வேகமாக வெட்டட்டும் என்று நொதியத்தை அள்ளிவிடும் பழக்கம் ஆபத்தானது. நொதியங்களின் மொத்த அளவு கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கிளிசரோல் 5 சதவீதத்தைத் தாண்டும். அப்போது ஈகோஆர்வன் தன் இடத்தை ஒத்த வேறு இடங்களையும் வெட்டத் தொடங்கும். பிசிஆர் விளைபொருளையும் வடிநிரலில் சுத்தம் செய்த பிறகு இதே முறையில் வெட்டுங்கள்.

2686 மூலச்சோடியுள்ள பியூசி19 இலிருந்து இந்த இரண்டு வெட்டுகளுக்கு இடையில் விழும் துண்டு ஐம்பது அளவுதான். ஜெல்லில் அது தெரியாது. ஒரு நொதியம் மட்டும் வெட்டிய பிளாஸ்மிட்டும் இரண்டும் வெட்டியதும் ஒரே பட்டையாகத்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு நொதியமும் தனித்தனியே பிளாஸ்மிட்டை முழுமையாக நேராக்குகிறதா என்று இரண்டு சிறு குழாய்களில் பக்கத்திலேயே சோதியுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்தான் பிறகு தட்டு நிறைய நீலக் கொலனியோடு வருகிறார்கள்.

1 சதவீத ஏகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, பட்டையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். புறவூதா ஒளி டிஎன்ஏயைச் சிதைக்கும். நீல ஒளி மேசை இருந்தால் அதுவே மேல். இல்லையேல் 365 நானோமீற்றர் விளக்கில் சில விநாடிகளில் முடியுங்கள். குறுகிய அலைநீளத்தில் ஒரு நிமிடம் வைத்து அழகாக வெட்டிய பட்டையிலிருந்து பெரும்பாலும் கொலனி வராது.

6. ஒட்டுதல்

அளவைத் திணிவில் பார்க்காமல் மூலக்கூற்று எண்ணிக்கையில் பாருங்கள். பிளாஸ்மிட் ஒன்றுக்கு மரபணு மூன்று என்பது நல்ல தொடக்கம். பிளாஸ்மிட் 50 நானோகிராம் என்றால்: 50 × 1000 ÷ 2686 × 3 = ஏறத்தாழ 56 நானோகிராம் மரபணு.

20 மைக்ரோலீற்றர் கலவையில் பத்து மடங்குத் தாங்கற் கரைசல் 2, ரீ4 லைகேஸ் 1, கணித்த டிஎன்ஏ, மீதி நீர். தாங்கற் கரைசலில் லைகேசுக்கு ஆற்றல் தரும் ஏடிபி இருக்கிறது. உருக்கி உறைய வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது குறையும். புதிய போத்தல் வந்த அன்றே 10 மைக்ரோலீற்றர் பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். லைகேசைக் குறை சொல்லப்படும் பல தோல்விகளுக்குப் பழைய தாங்கற் கரைசலே காரணம்.

ஒட்டுமுனைகள் நான்கு எழுத்துகளால் மட்டுமே பிடித்துக்கொள்கின்றன. குளிரூட்டாத அறையின் 31 பாகையில் அவை நழுவும். 16 பாகையில் இரவு முழுவதும் வைப்பது சிறந்தது. கருவி இல்லாவிட்டால், ரெஜிபோம் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் போட்டு 16க்குக் கொண்டுவந்து, குழாயை மிதக்கவிட்டு மூடிவிடுங்கள். விடியும்போது சில பாகை ஏறியிருந்தாலும் பாதகமில்லை.

7. ஏற்றுதலும் ஆறு தட்டுகளும்

கலங்களை ஐஸில் உருக்குங்கள், கையில் அல்ல. 100 மைக்ரோலீற்றர் கலங்களுக்கு ஒட்டுக் கலவை 5 மைக்ரோலீற்றர். முழுவதையும் விட்டால் கூடக் கிடைக்கும் என்று தோன்றும். கலவையின் உப்பும் லைகேசும் ஏற்றத்தைக் குறைக்கவே செய்யும். 30 நிமிடம் ஐஸில். பிறகு 42 பாகை நீரில் சரியாக 45 விநாடி. இயந்திரத்தின் திரையை நம்பாமல் குழாய் நிற்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 44 பாகை என்றால் கலங்கள் சாகும். உடனே ஐஸில் 2 நிமிடம். 900 மைக்ரோலீற்றர் எல்பி விட்டு 37 பாகையில் ஒரு மணி நேரம் குலுக்குங்கள். அம்பிசிலினை உடைக்கும் நொதியத்தைக் கலம் தயாரித்துக்கொள்ளத்தான் இந்த ஒரு மணி நேரம்.

100 மைக்ரோலீற்றரை ஒரு தட்டில் பரப்புங்கள். மீதியை மெதுவாகச் சுழற்றிச் சுருக்கி இன்னொன்றில் பரப்புங்கள். கூடவே இந்த நான்கு தட்டுகளும் வேண்டும்: (1) டிஎன்ஏ இல்லாத கலங்கள்; (2) வெட்டாத பியூசி19; (3) வெட்டிய பிளாஸ்மிட், லைகேஸ் இல்லாமல்; (4) வெட்டிய பிளாஸ்மிட், லைகேசோடு, மரபணு இல்லாமல்.

தட்டு வீண் என்று இவற்றைத் தவிர்ப்பவர்கள் பிறகு வாரக் கணக்கில் இருட்டில் தேடுகிறார்கள். முதலாவதில் கொலனி வந்தால் அம்பிசிலின் செத்துவிட்டது. இரண்டாவதில் வராவிட்டால் குற்றம் கலங்களில். ஒட்டுக் கலவையை நொந்துகொள்ள வேண்டாம். மூன்றாவதில் நிறைய வந்தால் பிளாஸ்மிட் வெட்டுப்படவில்லை. மூன்றாவதில் குறைவாகவும் நான்காவதில் நிறையவும் வந்தால் ஒரு நொதியம் மட்டுமே வெட்டியிருக்கிறது. பிளாஸ்மிட் தானே மூடிக்கொண்டது. நான்கும் சரியாக இருந்து உங்கள் தட்டு மட்டும் காலியாக இருந்தால், சந்தேகம் மரபணுத் துண்டின் முனைகளில்.

37 பாகையில் தலைகீழாக 16 முதல் 18 மணி நேரம். அதற்கு மேல் விட்டால், எதிர்ப்புள்ள கொலனி சுற்றியுள்ள அம்பிசிலினை அழித்துவிட, அதன் ஓரத்தில் பொடிக் கொலனிகள் முளைக்கும். அவற்றில் பிளாஸ்மிட் இல்லை. அடைகாப்பானை நிறுத்திவிட்டுத் தட்டை மேசையில் விட்டுப் போவதும் இதே விளைவைத் தரும். எங்கள் ஊரின் அறைச் சூடே அவற்றை வளர்த்துவிடும். 4 பாகையில் வையுங்கள். சில மணி நேரம் குளிரில் இருந்தால் நீலமும் இன்னும் தெளியும்.

8. சரியான கொலனியைக் கண்டுபிடித்தல்

வெள்ளை என்றால் மரபணு உள்ளே இருக்கலாம் என்பதுதான் பொருள், இருக்கிறது என்பதல்ல. முனை சிதைந்து மூடிய காலிப் பிளாஸ்மிட்டும் வெள்ளையாகும். வாசிப்புச் சட்டகத்தைக் குலைக்காத சிறிய துண்டு வெளிர் நீலமாகவும் வரும்.

எட்டு வெள்ளைக் கொலனிகளைப் பல்குச்சியால் தொட்டு, முதலில் புதிய தட்டில் கோடிட்டு, பிறகு அதே குச்சியைப் பிசிஆர் குழாயில் நனையுங்கள். இந்த வரிசை மாறினால் கொலனி கையை விட்டுப் போய்விடும். பிரைமராக மரபணுவின் பிரைமர்களைப் போட வேண்டாம். ஒட்டாமல் மிஞ்சிய மரபணுத் துண்டு தட்டெங்கும் பரவிக் கிடக்கிறது. காலிக் கொலனியும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். பிளாஸ்மிட்டில் உள்ள எம்13 பிரைமர்களைப் போடுங்கள். காலி என்றால் நூற்றுச் சொச்சத்தில் பட்டை வரும். மரபணு இருந்தால் 1000க்குச் சற்று மேல்.

தேறியவற்றை 3 மில்லிலீற்றர் அம்பிசிலின் எல்பியில் இரவு முழுவதும் வளருங்கள். காலையில் முதல் வேலை சேமிப்பு: 500 மைக்ரோலீற்றர் வளர்ப்போடு அதே அளவு 50 சதவீதக் கிளிசரோல் கலந்து -80 பாகைக்கு. அதற்குப் பின்தான் பிளாஸ்மிட் எடுப்பது. காரக் கரைசலைச் சேர்த்ததும் மெல்லத் தலைகீழாகத் திருப்புவது மட்டும் போதும். வேகமாகக் குலுக்கினால் குரோமோசோம் டிஎன்ஏ துண்டாகிப் பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். 5 நிமிடத்துக்கு மேலும் விடக்கூடாது. விட்டால் பிளாஸ்மிட்டே மீளாமல் உருக்குலையும்.

எடுத்த பிளாஸ்மிட்டை இரண்டு நொதியங்களாலும் வெட்டினால் 2.6 ஆயிரத்திலும் 1 ஆயிரத்திலும் இரண்டு பட்டைகள் வர வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு கொலனிகளின் பிளாஸ்மிட்டை வரிசை வாசிப்புக்கு அனுப்புங்கள். நீளம் சரியென்றால் எழுத்துகளும் சரி என்று ஆகாது. பிசிஆர் தவறிய ஓர் எழுத்தை ஜெல் காட்டாது. ஒரு வாசிப்பில் நம்பத்தக்கது 700 முதல் 900 எழுத்து வரையே. 1000க்கு இரு முனையிலிருந்தும் வாசியுங்கள்.

9. கழிவு

தட்டுகள், வளர்ப்புகள், நுனிகள், பல்குச்சிகள் அனைத்தும் ஓட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே போக வேண்டும். திரவ வளர்ப்பை மட்டும், ஓட்டோகிளேவுக்குப் பதிலாக, பத்தில் ஒரு பங்கு வருமாறு வெளிற்றும் திரவம் விட்டு அரை மணி நேரம் வைத்த பிறகு ஊற்றலாம். வெளிற்றும் திரவம் சேர்த்ததை ஓட்டோகிளேவில் வைக்காதீர்கள், நச்சு வாயு எழும். அம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் கோடிக்கணக்கான கலங்கள் அந்தக் குடுவையில் இருக்கின்றன. நம் வடிகால்கள் கடைசியில் போய்ச் சேருவது குடாவில்.